ஈஎஸ்பி-யில் ப்ராக்ஸி சர்வீஸ் அமைப்பது எப்படி: முதல் கோரிக்கையிலிருந்து புரொடக்‌ஷன் வரை

எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ், சுருக்கமாக ஈஎஸ்பி, என்பது பல மென்பொருள்களுக்கு நடுவில் நின்று செய்திகளைக் கடத்தும் சர்வர். அதில் ஒரு ப்ராக்ஸி சர்வீஸை, அதாவது உண்மையான சேவைக்கு (பேக்எண்ட்) முன்னால் நிற்கும் இடைநிலைச் சேவையை, எழுப்பப் பத்து நிமிடம் போதும். பெயர் கொடு, பேக்எண்ட் முகவரியைக் கொடு, சேமி, முடிந்தது. அந்த வேகத்தில் மயங்கி அன்றைக்கே "ரெடி" என்று மெயில் அனுப்பிவிடுபவர்கள் நிறைய, நானும் அனுப்பியிருக்கிறேன். பேக்எண்ட் நன்றாக ஓடும் நாட்களில் ப்ராக்ஸிக்குப் பெரிய வேலை கிடையாது, வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் சரி. பேக்எண்ட் விழுந்தால், தாமதித்தால், பாதியில் இணைப்பை அறுத்தால் கிளையண்ட்டுக்கு என்ன சொல்வது என்ற இடத்தில்தான் அது சம்பளத்துக்கு உழைக்கிறது. அதனால் கீழே பெரும்பகுதி அந்தக் கெட்ட நாட்களைப் பற்றித்தான் இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஈஎஸ்பி குடும்பம்: பழைய ஈஎஸ்பி, அதன் பின் வந்த எண்டர்பிரைஸ் இன்டக்ரேட்டர், இப்போதைய மைக்ரோ இன்டக்ரேட்டர். மூன்றுக்கும் அடியில் ஓடுவது அப்பாச்சி சினாப்ஸ், அதற்கும் அடியில் அப்பாச்சி ஆக்சிஸ்2. ஆகவே ப்ராக்ஸியை எழுதும் எக்ஸ்எம்எல் மொழி ஏறக்குறைய ஒன்றேதான். வேறு ஈஎஸ்பி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், பிரச்சினைகள் மாறாது. டேக், பண்பு, ஹெடர் இவற்றின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன், கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கிடங்கு. ஒரு பொருளின் எண்ணைக் கொடுத்தால் எத்தனை கையிருப்பு என்று சொல்லும் பழைய சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளில் பேசும் முறை) சேவை ஒன்று, உள்வலையில் ஒரு சர்வரில், போர்ட் 9000-இல் ஓடுகிறது. வெளியே இருக்கும் மூன்று நான்கு மென்பொருள்கள் அதைக் கேட்க வேண்டும். நேரடியாகத் திறந்துவிட நமக்கு விருப்பமில்லை, நடுவில் 'ஸ்டாக் ப்ராக்ஸி' என்று ஒன்றை வைக்கப் போகிறோம்.

முதலில் பேக்எண்ட்டைத் தனியாகப் பாருங்கள்

ஈஎஸ்பி-யைத் தொடுவதற்கு முன்னால், கர்ல் அல்லது சோப்யூஐ வைத்து பேக்எண்ட்டை நேரடியாக ஒருமுறை கூப்பிடுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் கணக்கில் சேராது. ஈஎஸ்பி ஓடப்போகிற அதே சர்வரில் உட்கார்ந்து கூப்பிட வேண்டும், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஃபயர்வால் உங்களுக்கு வழிவிட்டு ஈஎஸ்பி-க்கு வழிமறிப்பது ரொம்ப சகஜம். அந்தக் கோரிக்கையையும் வந்த பதிலையும் ஹெடர்களோடு ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். பின்னால் ஏதாவது உடையும்போது "நேரடியாகப் போனால் எப்படி இருந்தது, ப்ராக்ஸி வழியாக எப்படி இருக்கிறது" என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கூடவே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்எண்ட் பேசுவது சோப் 1.1-ஆ 1.2-ஆ? வழக்கமாகப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, மிக மோசமான நேரத்தில் எவ்வளவு ஆகிறது? இரண்டாவதற்குப் பலரிடம் விடை இருக்காது, "சீக்கிரம் வந்துவிடும்" என்பார்கள். பேக்எண்ட் குழுவிடம் ஒரு எண்ணை வாங்காமல் நகராதீர்கள், டைம்அவுட் கணக்கு முழுக்க அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

சர்வரும் போர்ட்டும்

ஜாவா போட்டு, ஜிப்பை விரித்து, பின் அடைவில் இருக்கும் தொடக்க ஸ்க்ரிப்டை ஓட்டினால் சர்வர் எழுந்துவிடும். போர்ட்டில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. பழைய ஈஎஸ்பி-யில் எச்டிடிபி 8280, எச்டிடிபிஎஸ் 8243, மேலாண்மைத் திரை 9443. மைக்ரோ இன்டக்ரேட்டரில் போர்ட் ஆஃப்செட் (போர்ட் எண்களோடு கூட்டப்படும் எண்) இயல்பாகவே 10, அதனால் அதே இரண்டும் 8290, 8253 என்று ஆகிவிடும். பழைய கட்டுரையைப் பார்த்து 8280-ஐத் தட்டிவிட்டு "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" வந்து அரைநாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஒரே கணினியில் இரண்டு சர்வர் ஓட்ட வேண்டுமானால் ஆஃப்செட்டை மாற்றுங்கள், ஒவ்வொரு போர்ட்டாகக் கையால் திருத்த வேண்டாம்.

வெறுமனே கடத்தும் ப்ராக்ஸி

முதல் வடிவம் எதுவும் செய்யாததாக இருக்கட்டும். எக்ஸ்எம்எல்-இல் மேல் டேக் 'ப்ராக்ஸி', அதற்குப் பெயர், எந்தெந்த டிரான்ஸ்போர்ட்டில் திறக்க வேண்டும் என்ற பண்பு, சர்வர் எழும்போதே தொடங்க வேண்டுமா என்ற 'ஸ்டார்ட் ஆன் லோட்'. உள்ளே 'டார்கெட்'. டார்கெட்டுக்குள் நான்கு அறைகள்: உள்ளே வரும் செய்திக்கு இன்சீக்வென்ஸ், திரும்பும் பதிலுக்கு அவுட்சீக்வென்ஸ், பிழைக்கு ஃபால்ட்சீக்வென்ஸ், அப்புறம் பேக்எண்ட்டைச் சுட்டும் எண்ட்பாயிண்ட்.

இதை எழுத இரண்டு பாணிகள் உண்டு. பழைய பாணியில் எண்ட்பாயிண்ட்டை டார்கெட்டிலேயே வைத்துவிடுவீர்கள். இன்சீக்வென்ஸ் முடிந்ததும் செய்தி தானாக அங்கே போகும், பதில் அவுட்சீக்வென்ஸுக்கு வரும், அங்கே 'செண்ட்' மீடியேட்டர் (மீடியேட்டர் என்றால் செய்தியின் மேல் ஒரு வேலை செய்யும் படி) அதைக் கிளையண்ட்டுக்கு அனுப்பும். புதிய பாணியில் எல்லாவற்றையும் இன்சீக்வென்ஸுக்குள்ளேயே செய்வீர்கள்: 'கால்' மீடியேட்டர் பேக்எண்ட்டைக் கூப்பிடும், பதில் வந்ததும் அடுத்த வரி தொடரும், கடைசியில் 'ரெஸ்பாண்ட்'. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மேலிருந்து கீழே வாசித்தால் என்ன நடக்கிறது என்று புரிகிறது, ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தாலும் புரியும். 'கால்' இயல்பில் நான்பிளாக்கிங், அதாவது பதிலுக்காக ஒரு த்ரெட் சும்மா உட்கார்ந்திருக்காது, ஆகவே பழைய பாணிதான் வேகம் என்ற பயமும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டையும் கலக்காதீர்கள். டார்கெட்டில் எண்ட்பாயிண்ட்டும் இருந்து, இன்சீக்வென்ஸிலும் அனுப்பும் மீடியேட்டர் இருந்தால், ஒரே கோரிக்கை எங்கே, எத்தனை முறை போகிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். பழைய பாணியில் அவுட்சீக்வென்ஸை எழுதிவிட்டு அதில் 'செண்ட்' போட மறப்பது இன்னொரு பிரபலமான தவறு: பேக்எண்ட் லாக்கில் பதில் போனதாக இருக்கும், கிளையண்ட் மட்டும் காத்துக்கொண்டே இருக்கும்.

ஆக, முதல் வடிவம்: 'கால்', அதனுள் அட்ரஸ் எண்ட்பாயிண்ட், பிறகு 'ரெஸ்பாண்ட்'. டெப்ளாய் செய்துவிட்டு, சேமித்துவைத்த அதே கோரிக்கையை இப்போது ஈஎஸ்பி முகவரிக்கு அனுப்புங்கள். எச்டிடிபி போர்ட்டுக்குப் பின் 'சர்வீசஸ்' என்ற பாதை, அதன் பின் ப்ராக்ஸியின் பெயர். பெரிய எழுத்து சின்ன எழுத்து முக்கியம். பதில் அப்படியே வந்தால் அடித்தளம் சரி, வராவிட்டால் இங்கேயே நின்று சரிசெய்யுங்கள். மேலே மாடி கட்டிவிட்டுக் கீழே விரிசல் தேடுவது வேதனை.

மேலாண்மைத் திரை உள்ள பழைய பதிப்புகளில் பாஸ் த்ரூ ப்ராக்ஸி, லாகிங் ப்ராக்ஸி, செக்யூர் ப்ராக்ஸி, டிரான்ஸ்ஃபார்மர் ப்ராக்ஸி, விஸ்டில் அடிப்படையிலான ப்ராக்ஸி, கஸ்டம் ப்ராக்ஸி என்று வகைகள் வரிசையாக இருக்கும். பார்க்கப் பெரிய விஷயம்போல் தோன்றும், ஆனால் அவை எல்லாமே மேலே சொன்ன அதே எக்ஸ்எம்எல்-ஐ நிரப்பித்தரும் படிவங்கள்தான். எதையாவது ஒன்றைத் தேர்ந்து, உருவான மூலத்தைத் திறந்து பாருங்கள், மர்மம் போய்விடும்.

விஸ்டில் சொல்லும் முகவரி

டபிள்யூஎஸ்டிஎல்-ஐ நாங்கள் வாய்ப்பேச்சில் விஸ்டில் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே. ப்ராக்ஸி முகவரிக்குப் பின் கேள்விக்குறி போட்டு அந்தச் சொல்லைச் சேர்த்தால் ஒப்பந்தக் கோப்பு வரும். நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை என்றால் ஈஎஸ்பி தானே ஒன்றைச் செய்து தரும், அதில் 'மீடியேட்' என்று ஒரே ஒரு செயல் இருக்கும். கிளையண்ட் குழு வந்து "உங்கள் சேவையில் மீடியேட் என்று ஏதோ இருக்கிறது, கையிருப்பைக் கேட்கும் செயலைக் காணோமே" என்றால் 'பப்ளிஷ் விஸ்டில்' பகுதியை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அதைக் கொடுக்கும்போது பேக்எண்ட்டின் விஸ்டில் முகவரியை நேரடியாகக் கொடுப்பதுதான் சுலபம் என்று தோன்றும். வேண்டாம். ஈஎஸ்பி எழும் நேரத்தில் பேக்எண்ட் படுத்திருந்தால் விஸ்டிலை எடுக்க முடியாமல் ப்ராக்ஸியே டெப்ளாய் ஆகாது. இரண்டு சர்வர்களும் ஒரே பராமரிப்பு இரவில் ரீஸ்டார்ட் ஆகும் நிறுவனத்தில் இது சீட்டாட்டம்தான். இதற்கென்றே 'எனேபிள் பப்ளிஷ் விஸ்டில் சேஃப் மோட்' என்று ஒரு பாராமீட்டர் உண்டு, அதை ட்ரூ ஆக்கலாம். ஆனால் என் பழக்கம் விஸ்டிலின் ஒரு நகலை ரெஜிஸ்ட்ரியில் (ஈஎஸ்பி-யின் சொந்தக் கோப்புக் களஞ்சியம்) வைத்து, கீ மூலம் சுட்டுவது. விஸ்டில் வேறு ஸ்கீமா கோப்புகளை இம்போர்ட் செய்தால் அவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, 'ரிசோர்ஸ்' டேக்கில் ஒவ்வொன்றுக்கும் இம்போர்ட்டில் எழுதியிருக்கும் இடத்தையும் ரெஜிஸ்ட்ரி கீயையும் ஜோடியாகக் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் விஸ்டில் பாதியில் நிற்கும்.

அடுத்தது, விஸ்டிலின் அடியில் இருக்கும் சேவை முகவரி. ஈஎஸ்பி அதைத் தன் சொந்த முகவரியாக மாற்றித்தான் வெளியே தரும், அதுதான் நமக்கும் வேண்டும். ஆனால் முன்னால் ஒரு லோட் பேலன்சர் இருந்தால் ஈஎஸ்பி-க்கு அது தெரியாது, தன் உள்வலைப் பெயரையே எழுதிவைக்கும். ஒருமுறை நான் கொடுத்த விஸ்டிலிலிருந்து கிளையண்ட் தரப்பில் ஸ்டப் (சேவையைக் கூப்பிடும் நிரல்) உருவாக்கிவிட்டு "டைம்அவுட் ஆகிறது" என்று இரண்டு நாள் புகார் சொன்னார்கள். பார்த்தால் அவர்கள் வலையிலிருந்து எட்டவே முடியாத ஒரு உள் ஹோஸ்ட்பெயர் அதில் உட்கார்ந்திருந்தது, தப்பு முழுக்க என்னுடையது. ஆக்சிஸ்2 கான்ஃபிக் கோப்பில் டிரான்ஸ்போர்ட் ரிசீவர் பகுதியில் 'விஸ்டில் ஈபிஆர் ப்ரிஃபிக்ஸ்' என்ற பாராமீட்டர் இருக்கிறது, அதில் வெளியே தெரியும் முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. கொடுத்த பின், வெளியிலிருந்து விஸ்டிலை எடுத்து அந்த ஒரு வரியைக் கண்ணால் பாருங்கள்.

சோப் பதிப்பும் சங்க் தொல்லையும்

சோப் 1.1-இல் கன்டென்ட் டைப் டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்‌ஷன் என்று தனி ஹெடர். 1.2-இல் அந்தத் தனி ஹெடர் இல்லை, ஆக்‌ஷன் கன்டென்ட் டைப்புக்குள்ளேயே போய்விடும், உறையின் நேம்ஸ்பேஸும் வேறு. கிளையண்ட் 1.2 பேசி பேக்எண்ட் 1.1 மட்டுமே புரிந்துகொள்ளும் என்றால் எண்ட்பாயிண்ட்டில் ஃபார்மேட்டை சோப்11 என்று வையுங்கள், உறையை ஈஎஸ்பி மாற்றிக்கொள்ளும். சோப்ஆக்‌ஷன் மட்டும் சரியாகப் போகிறதா என்று கவனியுங்கள், இல்லையென்றால் 'ஹெடர்' மீடியேட்டரில் ஆக்‌ஷனை நாமே வைக்க வேண்டியிருக்கும். பதில் கிளையண்ட்டின் பதிப்பில்தான் திரும்புகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

நேரடியாகக் கர்ல் அடித்தால் வேலை செய்கிறது, ப்ராக்ஸி வழியாகப் போனால் பேக்எண்ட் "கோரிக்கை காலியாக இருக்கிறது" என்கிறது. இந்தப் புதிரில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். கர்ல் சின்னக் கோரிக்கையை கன்டென்ட் லெங்த் ஹெடரோடு அனுப்பும். ஈஎஸ்பி அதையே சங்க் சங்க்காக (துண்டு துண்டாக) உடைத்து அனுப்பும். பழைய சேவைகள் சிலவற்றுக்குச் சங்க் புரியாது, உடலே வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். 'டிசேபிள் சங்கிங்' என்ற ப்ராப்பர்ட்டியை ஆக்சிஸ்2 ஸ்கோப்பில் ட்ரூ என்று வைத்தால் சரியாகிவிடும். ஸ்கோப்பைக் கொடுக்க மறந்தால் எந்தப் பிழையும் வராது, எந்த மாற்றமும் வராது.

டைம்அவுட்: மூன்று கடிகாரங்கள்

ஒரு கோரிக்கையைச் சுற்றிக் குறைந்தது மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன: கிளையண்ட்டின் பொறுமை, எண்ட்பாயிண்ட்டில் நீங்கள் வைக்கும் டைம்அவுட், டிரான்ஸ்போர்ட்டின் சாக்கெட் டைம்அவுட். எண்ட்பாயிண்ட்டில் எதுவும் வைக்காவிட்டால் சினாப்ஸின் பொது டைம்அவுட் பொருந்தும், அது இயல்பாக 1,20,000 மில்லிசெகண்ட், அதாவது இரண்டு நிமிடம். கையிருப்பு கேட்கும் கிளையண்ட் எதுவும் இரண்டு நிமிடம் காத்திருக்காது. அது 30 விநாடியில் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடும், ஈஎஸ்பி மட்டும் ஆளில்லாத வாசலில் பதிலை ஏந்திக்கொண்டு நிற்கும்.

ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: பேக்எண்ட்டின் மோசமான நேரத்தைவிட எண்ட்பாயிண்ட் டைம்அவுட் பெரியது, அதைவிடக் கிளையண்ட்டின் டைம்அவுட் பெரியது. எவ்வளவு பெரியது என்பதில் ஒரு நுணுக்கம். டைம்அவுட் ஆன கோரிக்கைகளைத் தேடிப்பிடிக்கும் ஹேண்ட்லர் ஒவ்வொரு விநாடியும் ஓடுவதில்லை, இயல்பு அமைப்பில் 15,000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. ஆகவே 20 விநாடி என்று வைத்த டைம்அவுட் உண்மையில் 20-க்கும் 35-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். "20 வைத்தேன், 33 விநாடியில் பிழை வருகிறது, இது பக்" என்று புகார் எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட்டின் பொறுமை 30 விநாடி என்றால் 20 போதாது, எண்ட்பாயிண்ட்டில் 10 அல்லது 12-க்கு இறங்க வேண்டும், அல்லது சினாப்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். சாக்கெட் டைம்அவுட் இவை எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருக்கட்டும்: பொது டைம்அவுட், எண்ட்பாயிண்ட் டைம்அவுட் இரண்டில் பெரியதோடு ஹேண்ட்லர் இடைவெளியைக் கூட்டினால் வருவதைவிட அதிகம். சின்னதாக இருந்தால் சாக்கெட் முதலில் அறுந்து, உங்களுக்கு டைம்அவுட் பிழைக்குப் பதில் வேறு ஏதோ இணைப்புப் பிழை வந்து குழப்பும்.

டைம்அவுட்டுக்கு ஒரு காலமும் ஒரு செயலும் கொடுக்க வேண்டும். செயலில் 'ஃபால்ட்' என்று வையுங்கள். 'டிஸ்கார்ட்' வைத்தால் தாமதமாக வரும் பதிலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஈஎஸ்பி பேசாமல் இருந்துவிடும், ஃபால்ட்சீக்வென்ஸ் ஓடாது, கிளையண்ட் இருட்டில் நிற்கும்.

தானாக மூடிக்கொள்ளும் எண்ட்பாயிண்ட்

பேக்எண்ட்டை யாரோ ரீஸ்டார்ட் செய்தார்கள், ஐந்து விநாடியில் எழுந்துவிட்டது, ஆனால் ப்ராக்ஸி வழியாக அரை நிமிடம் எல்லாக் கோரிக்கையும் தோற்றது. நெட்வொர்க் குழுவைத் திட்டினோம். அவர்கள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஈஎஸ்பி லாக்கை ஒழுங்காக வாசித்தபோதுதான் தெரிந்தது, எண்ட்பாயிண்ட் சஸ்பென்டட் என்று அதிலேயே எழுதியிருந்தது, அடுத்த முயற்சி எத்தனை மணிக்கு என்பதுகூட.

எண்ட்பாயிண்ட்டுக்கு நிலைகள் உண்டு: ஆக்டிவ், டைம்அவுட், சஸ்பென்டட். இணைப்புத் தோற்றால், பிழை எண் 101503, எண்ட்பாயிண்ட் நேராக சஸ்பென்ட் ஆகும். இயல்பாக 30 விநாடி. அந்த நேரத்தில் வரும் கோரிக்கைகளை ஈஎஸ்பி பேக்எண்ட் பக்கம் அனுப்பிப் பார்க்கக்கூடச் செய்யாது, உடனே 303001 என்று பிழை போடும். லாக்கில் இந்த எண்ணைப் பார்த்தால் அது நோய் கிடையாது, அறிகுறி. சற்று மேலே போய் முதலில் எது சஸ்பென்ட் செய்யவைத்தது என்று தேடுங்கள்.

இந்த ஏற்பாடு நல்ல எண்ணத்தில்தான் இருக்கிறது. விழுந்துகிடக்கும் சர்வரை ஆயிரம் பேர் தட்டிக்கொண்டே இருந்தால் அது எழவே எழாது. ஆனால் ஒரே ஒரு பேக்எண்ட் இருக்கும் இடத்தில், ஒரு முறை தட்டியதற்கு அரை நிமிடம் கதவடைப்பது அதிகம். நான் செய்வது: 'மார்க் ஃபார் சஸ்பென்ஷன்' பகுதியில் 101504, 101505 போன்ற டைம்அவுட், இணைப்பு அறுந்த பிழைகளைக் கொடுத்து, சஸ்பென்ட் ஆவதற்கு முன் மூன்று முயற்சி என்று வைப்பேன். 'சஸ்பென்ட் ஆன் ஃபெயிலியர்' பகுதியில் தொடக்கக் காலம் 1000 மில்லிசெகண்ட், பெருக்கும் காரணி 2, உச்சம் 60,000. அப்படி வைத்தால் தோல்வி தொடரும் வரை கதவடைப்பு 1, 2, 4, 8, 16, 32 விநாடி என்று வளர்ந்து 60-இல் நிற்கும். சின்ன ரீஸ்டார்ட்டில் யாருக்கும் தெரியாது, பெரிய வீழ்ச்சியில் பேக்எண்ட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். சஸ்பென்டே வேண்டாம் என்பவர்கள் இரண்டு பகுதியிலும் பிழை எண்ணாக மைனஸ் 1 கொடுப்பார்கள், எந்தப் பிழையும் பொருந்தாது. அதைச் செய்யலாம், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் இன்னொரு சர்வருக்கு மாறுவது), மறுமுயற்சி எல்லாம் வாசிக்கும் செயல்களுக்கு அருமை. கையிருப்பைக் குறைக்கும், ஆர்டர் போடும் செயல்களுக்கு ஆபத்து. டைம்அவுட் ஆனது என்றால் நமக்குப் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம், அந்தப் பக்கம் வேலை முடிந்திருக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வைத்து, இரண்டாவது முறை வந்தால் பேக்எண்ட் அடையாளம் கண்டுகொள்ளும் என்ற உறுதி இல்லாமல் அத்தகைய செயல்களைத் தானாக மறுபடி அனுப்பாதீர்கள்.

பிழைப் பாதை

ஃபால்ட்சீக்வென்ஸ் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? சர்வரோடு வரும் பொதுவான ஃபால்ட் சீக்வென்ஸ் ஓடும். அது செய்தியை லாக்கில் எழுதும், பிறகு 'ட்ராப்'. அவ்வளவுதான். கிளையண்ட்டுக்கு ஒரு வார்த்தையும் போகாது, தன் டைம்அவுட் வரை காத்திருந்து சாகும். மேலே பத்து நிமிட ப்ராக்ஸி என்றேனே, அதன் உண்மையான விலை இதுதான்.

நீங்கள் எழுதும் ஃபால்ட்சீக்வென்ஸ் மூன்று வேலை செய்தால் போதும். முதலில் 'லாக்' மீடியேட்டரை கஸ்டம் நிலையில் வைத்து எர்ரர் கோட், எர்ரர் மெசேஜ், எர்ரர் டீடெயில் ஆகிய ப்ராப்பர்ட்டிகளையும் ப்ராக்ஸியின் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்து சோப் ஃபால்ட் ஒன்றை உருவாக்கும் மீடியேட்டர். கிளையண்ட் பேசும் பதிப்பிலேயே ஃபால்ட் இருக்க வேண்டும், 1.1 கிளையண்ட்டுக்கு 1.2 ஃபால்ட் அனுப்பினால் அதற்குப் பாகுபடுத்தவே தெரியாது. கடைசியில் 'ரெஸ்பாண்ட்'. பழைய கட்டுரைகளில் 'டூ' ஹெடரை நீக்கி, 'ரெஸ்பான்ஸ்' என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கி, பிறகு 'செண்ட்' என்று ஒரு மும்மூர்த்தி இருக்கும். அதே வேலைதான், 'ரெஸ்பாண்ட்' அதைச் சுருக்கிவிட்டது.

வெளியே போகும் ஃபால்ட்டில் எர்ரர் டீடெயிலை அப்படியே ஒட்டாதீர்கள். உள் ஹோஸ்ட்பெயர், போர்ட், சில சமயம் ஸ்டாக் டிரேஸ் எல்லாம் அதில் இருக்கும். கிளையண்ட்டுக்கு "சேவை தற்போது கிடைக்கவில்லை" என்ற அளவும், லாக்கில் தேட உதவும் மெசேஜ் ஐடியும் போதும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று. பேக்எண்ட்டே ஒரு சோப் ஃபால்ட் அனுப்பினால், உதாரணமாக "அப்படி ஒரு பொருள் எண் இல்லை", அது ஃபால்ட்சீக்வென்ஸுக்கு வராது. எச்டிடிபி 500 என்று வந்தாலும் ஈஎஸ்பி கண்ணில் அது ஒழுங்காக வந்துசேர்ந்த ஒரு பதில், ஆகவே சாதாரணப் பாதையிலேயே போகும். பெரும்பாலும் அதுவே சரி, பேக்எண்ட்டின் வணிகப் பிழை கிளையண்ட்டுக்கு அப்படியே போகட்டும். அதையும் பிழையாகவே நடத்த வேண்டுமானால் கூப்பிடுவதற்கு முன் 'ஃபோர்ஸ் எர்ரர் ஆன் சோப் ஃபால்ட்' என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்குங்கள்.

லாக், பாதுகாப்பு

லாக் மீடியேட்டரின் 'ஃபுல்' நிலையைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்த்ரூ டிரான்ஸ்போர்ட்டின் வேகத்துக்குக் காரணமே அது செய்தியின் உடலைப் பிரித்துப் பார்க்காமல் கடத்துவதுதான். 'ஃபுல்' என்றால் உடலை முழுக்கப் பிரித்து நினைவகத்தில் கட்ட வேண்டும். உடலைத் தொடும் எக்ஸ்பாத், எக்ஸ்எஸ்எல்டி எல்லாவற்றுக்கும் இதே விலை உண்டு, ஆனால் அவை ஏதோ பயன் தருகின்றன. மறந்துபோன ஒரு 'ஃபுல்' லாக் டிஸ்க்கையும் நிரப்பி, ரகசியத் தகவலையும் அதில் எழுதிவைக்கும். வயரில் உண்மையில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் லாக்4ஜே கான்ஃபிக்கில் சினாப்ஸ் எச்டிடிபி டிரான்ஸ்போர்ட்டின் 'வயர்' லாகரை டீபக் ஆக்குங்கள், ஈஎஸ்பி-க்கு உள்ளே வந்ததும் வெளியே போனதும் பைட் விடாமல் தெரியும். சங்க் புதிர் எனக்கு அங்கேதான் அவிழ்ந்தது. பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றித் தனி வழிகாட்டியே எழுதலாம், இங்கே அவசியமானவை மட்டும். வெளியே திறக்கும் ப்ராக்ஸியில் டிரான்ஸ்போர்ட்டை எச்டிடிபிஎஸ் மட்டும் என்று வையுங்கள். சர்வரோடு வரும் மாதிரி கீஸ்டோர் (சாவிகளும் சான்றிதழ்களும் உள்ள கோப்பு) உலகில் எல்லோரிடமும் இருக்கிறது, கடவுச்சொல்லோடு, அதை மாற்றாமல் வெளியே போகக் கூடாது. கிளையண்ட் அனுப்பும் எச்டிடிபி ஹெடர்கள் பேக்எண்ட்டுக்கும் போய்ச்சேரும், ஆத்தரைசேஷன் உட்பட. ஈஎஸ்பி-யிலேயே சரிபார்த்துவிட்டால், டிரான்ஸ்போர்ட் ஸ்கோப்பில் அந்த ஹெடரை நீக்கிவிட்டு பேக்எண்ட்டுக்கு வேண்டிய சான்றை நீங்களே வையுங்கள்.

புரொடக்‌ஷனுக்கு முன்

எண்ட்பாயிண்ட்டை ப்ராக்ஸிக்குள்ளேயே எழுதாமல் தனி ஆர்டிஃபாக்டாக வைத்து, பெயரால் சுட்டுங்கள். டெஸ்ட் சூழலுக்கும் புரொடக்‌ஷனுக்கும் முகவரி மட்டும்தான் வேறு, அதற்காக ப்ராக்ஸி கோப்பைத் தொட்டால் என்றாவது ஒருநாள் டெஸ்ட் முகவரி புரொடக்‌ஷனில் போய் உட்காரும். எல்லாவற்றையும் ஒரு கார் (கார்பன் ஆர்கைவ்) கோப்பாகக் கட்டி, டெப்ளாய்மென்ட் அடைவில் உள்ள 'கார்பன் ஆப்ஸ்' இடத்தில் போடுவதே வழக்கம். மேலாண்மைத் திரையில் கையால் திருத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த டெப்ளாயில் அந்தத் திருத்தம் காணாமல் போயிருக்கும்.

சோதனைகளில் சரியான கோரிக்கைக்குச் சரியான பதில் என்பது ஒன்றே ஒன்று, எல்லோரும் செய்வது. மற்றவற்றுக்கு பேக்எண்ட் குழுவின் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாத பொருள் எண்ணைக் கொடுத்து, பேக்எண்ட்டின் ஃபால்ட் அப்படியே கிளையண்ட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். பேக்எண்ட்டை நிறுத்திவிட்டு அனுப்புங்கள், உங்கள் ஃபால்ட் உடனே வர வேண்டும். பேக்எண்ட்டில் ஒரு செயற்கைத் தாமதம் போட்டு அனுப்புங்கள், கிளையண்ட் பொறுமை இழப்பதற்கு முன் டைம்அவுட் ஃபால்ட் வர வேண்டும். கையில் ஒரு கடிகாரத்தோடு நேரத்தையும் எழுதுங்கள், ஹேண்ட்லர் இடைவெளி நேரில் தெரியும். பிறகு பேக்எண்ட்டை நிறுத்திவைத்துத் தொடர்ந்து கோரிக்கை அனுப்பிக்கொண்டே, அதை எழுப்புங்கள். எத்தனை விநாடியில் ப்ராக்ஸி தேறிவருகிறது? கடைசியாக, பேக்எண்ட் படுத்திருக்கும்போதே ஈஎஸ்பி-யை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ப்ராக்ஸி டெப்ளாய் ஆகிறதா, விஸ்டில் வருகிறதா?

எல்லாம் தேறியதும் கிளையண்ட்டுகளுக்குப் புதிய முகவரியைக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து பேக்எண்ட்டின் ஆக்சஸ் லாக்கைத் திறந்து, ஈஎஸ்பி-யைத் தவிர வேறு ஐபி ஏதாவது இன்னும் 9000-க்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். வரும், நிச்சயமாக ஒன்றாவது வரும், யாரோ மூன்று வருடங்களுக்கு முன் எழுதிவிட்டு மறந்த ஒரு ஸ்க்ரிப்ட். அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லிவிட்டு, ஃபயர்வாலில் அந்த போர்ட்டை ஈஎஸ்பி-க்கு மட்டும் என்று அடைத்துவிடுங்கள்.